புதுக் காய்ச்சல் எண்டு வரேக்க முதல் வாற ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம்? அப்பா குளிசை போடமாட்டன் எண்டு நிக்கிறார்

வயற்கரை மகள் (கிளிநொச்சி மாவட்டம்) எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீட்டா எழுதப்போறன் பொறுத்துக்கொள்ளுங்கோ. எங்கட வயல் இரணைமடுவுக்குக் கீழ. அப்பாவுக்கு 63 வயசு, இப்பவும் வரம்பு கட்டுறது, மருந்தடிக்கிறது எல்லாம் அவர்தான். காலபோக விதைப்புத் துவங்கப்போகுது, கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்கு பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து, எலிச் சலம் கலந்த தண்ணி, சேத்தால வாற எலிக்காய்ச்சல் வராமல் இருக்க கிழமைக்கு ஒருக்கா ரெண்டு குளிசை போடச்சொல்லி எல்லாருக்கும் குடுத்திட்டுப் போனவர். அப்பா அதை வாங்கிக்கொண்டு வந்து சாமித்தட்டில விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில வச்சவர்தான், அந்தக் கடதாசிப் பக்கற் இன்னும் அப்பிடியே மடிச்ச மடிப்புக் குலையாமல் கிடக்கு.

ஏன் போடேல்லை எண்டு கேட்டா அவர் சொல்லுறது இதுதான். கொரோனா நேரம் முதல் மாஸ்க் தேவையில்லை எண்டாங்கள், பேந்து போடாட்டிப் பிடிச்சாங்கள். மலேரியாக் குளிசை நல்லம் எண்டாங்கள், பேந்து அது சரிவராது எண்டாங்கள். நூறு பேரில மூண்டு நாலு பேர் சாவினம் எண்டாங்கள், பேந்து அவ்வளவு இல்லை எண்டாங்கள். 2024 மார்கழியில வெள்ளத்துக்குப் பிறகு வடமராட்சிப் பக்கம் சனம் காய்ச்சலில செத்தது, முதல் என்ன காய்ச்சல் எண்டே தெரியாது எண்டு பேப்பரில போட்டாங்கள், வாட்ஸப்பில புது வைரஸ் எண்டு வந்தது, கடைசியில பாத்தா எங்கட பழைய எலிக்காய்ச்சல். "கண்ணுக்கு முன்னால இருந்த வருத்தத்தையே கண்டுபிடிக்க இவ்வளவு நாள் எடுத்தவங்கள் குடுக்கிற குளிசையை நான் ஏன் போடவேணும்" எண்டு கேக்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியேல்லை. அவர் படிக்காதவர் எண்டு தள்ளிவிட எனக்கு மனமில்லை, எனக்கும் உள்ளுக்குள்ள அதே கேள்விதான். தெரிஞ்சவை சொல்லுங்கோ.

ஆய்வுகூடப் பெடியன் எழுதினது:

அக்கா, நான் ஆய்வுகூடத்தில வேலை செய்யிறன். அப்பா கேட்டது நல்ல கேள்வி, அதால முழுசாச் சொல்லுறன்.

முதல் அந்த 2024 மார்கழி விசயம். வெள்ளம் வடிஞ்ச கையோட காய்ச்சல் எண்டு வந்த ஆக்கள் மூச்செடுக்க ஏலாமல் போய் கொஞ்ச நாளுக்குள்ள ஏழு பேர் செத்தவை. எலிக்காய்ச்சல் எண்டா எங்கட சனத்துக்குத் தெரிஞ்சது கண் மஞ்சளாகிறது, சலம் குறையிறது, கெண்டைக்கால் உளைவு, கிட்னி பழுதாகிறது. ஆனா அதே கிருமி சில ஆக்களுக்கு நுரையீரலுக்குள்ள இரத்தக்கசிவைக் குடுக்கும், அப்ப பாக்கிறவைக்கு அது நிமோனியா மாதிரித்தான் தெரியும். கொரோனாவைப் பாத்து நாலு வருசம்தான் ஆகியிருந்தது, காய்ச்சலும் மூச்சுத்திணறலும் எண்டோண்ண எல்லாற்ற புத்தியும் முதல் எங்க போகும் எண்டு யோசிச்சுப்பாருங்கோ.

அடுத்தது ரெஸ்ற். எலிக்காய்ச்சலை உறுதிப்படுத்த வழமையாச் செய்யிற ரெஸ்ற் கிருமியைத் தேடுறேல்லை, கிருமிக்கு எதிரா உடம்பு உண்டாக்கிற பிறபொருளெதிரியைத்தான் தேடுறது. அது இரத்தத்தில தெரிய ஒரு கிழமை மட்டில எடுக்கும். காய்ச்சல் துவங்கி நாலாம் நாள் ஒருத்தர் செத்துப்போனா அவற்ற இரத்தத்தில அது இருக்கவே இருக்காது, ரிப்போர்ட்டில இல்லை எண்டுதான் வரும், அந்த "இல்லை"க்கு வருத்தம் இல்லை எண்டு அர்த்தம் கிடையாது. வடிவாச் சொல்ல வேணுமெண்டா 10, 14 நாளுக்குப் பிறகு ரெண்டாந்தரம் இரத்தம் எடுத்து அளவு நாலு மடங்கு கூடியிருக்கோ எண்டு பாக்கவேணும். செத்தவரிட்ட ரெண்டாந்தரம் எங்க எடுக்கிறது? பி.சி.ஆர் செய்தா கிருமியையே நேரடியாப் பிடிக்கலாம், ஆனா அதுக்கு முதல் நாளுகளிலயே, அன்ரிபயோட்டிக் ஏத்த முதலே இரத்தம் எடுத்திருக்கோணும். அதால அந்த முதல் சில நாள் "தெரியாது" எண்டு சொன்னது அந்த நேரத்தில சொல்லக்கூடிய உண்மை. டொக்டர்மார் பெயர் தெரியுமட்டும் காத்துக்கொண்டு இருக்கிறேல்லை, சந்தேகம் எண்டோண்ணயே மருந்து துவங்குவினம்.

இனிக் கொரோனா. 2019 மார்கழி 31 வூஹானில நிமோனியா எண்டு செய்தி வந்தது. 2020 தை 11 கிருமியின்ர மரபணு வரிசை முழுசா வெளியில போட்டாச்சு, அடுத்த ரெண்டு நாளில பேர்லினில இருந்து பி.சி.ஆர் செய்யிற முறை வந்திட்டுது. ரெண்டு கிழமை! முந்தி உதுக்கு மாசக்கணக்கு எடுக்கும். கிருமி ஆர் எண்ட கேள்விக்குப் பதில் அவ்வளவு கெதியா வந்ததால மற்றக் கேள்வியளுக்கும் அதே வேகத்தில வரும் எண்டு சனம் நினைச்சிட்டுது, பிழைச்சது அங்கதான் எண்டு நான் நினைக்கிறன். எத்தினை பேர் சாவினம் எண்டதை எடுங்கோ. 2020 பங்குனித் துவக்கத்தில உலக சுகாதார நிறுவனம் 3.4 வீதம் எண்டு சொன்னது. அந்த நேரம் ரெஸ்ற் செய்து எண்ணினது பெரும்பாலும் ஆஸ்பத்திரி மட்டும் வந்த ஆக்களை. வீட்டில ரெண்டு நாள் தடிமனோட கிடந்து எழும்பினவையை ஆர் எண்ணினது? செத்தவையை எண்ணுறது லேசு, வந்துபோனவையை எண்ணத்தான் காலம் எடுக்கும்.

மலேரியாக் குளிசைக் கதையை அப்பாவுக்கு இப்பிடிச் சொல்லுங்கோ. 2020 பங்குனியில பிரான்சில ஒரு சின்ன ஆய்வு வந்தது, 26 பேருக்குக் குளிசை குடுத்தவை. கடைசிக் கணக்கில 20 பேர்தான் இருக்கினம். மிச்ச 6 பேருக்கு என்ன நடந்தது? 3 பேர் தீவிர சிகிச்சைக்குப் போட்டினம், ஒருத்தர் செத்திட்டார், ஒருத்தர் ஆஸ்பத்திரியை விட்டுப் போட்டார், ஒருத்தருக்கு ஓங்காளம் வந்து நிப்பாட்டினது. இந்த ஆறையும் விட்டிட்டு மிச்சத்தைப் பாத்து நல்லா வேலை செய்யுது எண்டு எழுதினவை. வெள்ளம் கொண்டுபோன பாத்தியைக் கணக்கில எடுக்காமல் மிஞ்சின பாத்தியைக் காட்டி இந்த நெல்லு நல்ல விளைச்சல் எண்டு ஆரும் சொன்னா அப்பா விடுவாரோ? ஒப்பிட்டுப் பாத்த ஆக்களும் கனபேர் வேற ஆஸ்பத்திரி ஆக்கள், அதாவது வேற ஆற்றயோ வயல், வேற தண்ணி.

பிறகு இங்கிலாந்தில சரியாச் செய்தவை. சீட்டுக் குலுக்கின மாதிரி ஆக்களைப் பிரிச்சு 1,561 பேருக்குக் குளிசை, 3,155 பேருக்கு வழமையான பராமரிப்பு மட்டும். 28 நாளுக்குள்ள செத்தது குளிசை போட்டவையில 27 வீதம், போடாதவையில 25 வீதம். பிரயோசனமில்லை. அதே ஆய்விலதான் டெக்சாமெதசோன் எண்ட பழைய மருந்து வேலை செய்யுது எண்டும் பிடிச்சவை, மூச்சு மெசினில இருந்தவையில சாவு 41 வீதத்தில இருந்து 29 வீதத்துக்கு இறங்கினது. ஆனா ஒக்சிசன் தேவைப்படாத ஆக்களுக்கு அதே மருந்து ஒரு உதவியும் செய்யேல்லை, கொஞ்சம் கெடுதலோ எண்டும் இருந்தது. 2020 ஆனி மாசமே இவ்வளவும் தெரிஞ்சிட்டுது. அப்பா "பேந்து மாத்தினாங்கள்" எண்டு சொல்லுறது இதைத்தான். மாத்தாமல் விட்டிருந்தாத்தான் நான் பயந்திருப்பன்.

முல்லைக்கடல் எழுதினது:

உதெல்லாம் மருந்துக் கொம்பனியளின்ர வேலை எண்டுதான் நான் இண்டைக்கும் நம்புறன். மலிவான குளிசை நல்லம் எண்டா அவங்களுக்கு லாபம் இல்லை, அதால கூடாது எண்டு எழுதுவிச்சவங்கள். குளிசையால நெஞ்சு பழுதாகும் எண்டு பெரிய சஞ்சிகையில வந்த ஆய்வே பொய் எண்டு பேந்து பிடிபட்டதே, அதை ஏன் தம்பி சொல்லேல்லை?

ஆய்வுகூடப் பெடியன் எழுதினது:

அண்ணை, அதையும் சொல்லவேணும்தான். 2020 வைகாசியில லான்செட்டில வந்தது, 671 ஆஸ்பத்திரி, 96,000 நோயாளர் எண்டு போட்டிருந்தவை. உலக சுகாதார நிறுவனமே அதைப் பாத்திட்டுத் தன்ர சோதனையை இடையில நிப்பாட்டினது. பிறகு உலகத்தில கனபேர் தரவைக் காட்டுங்கோ எண்டு கேக்க, தரவு குடுத்த கொம்பனி காட்டேல்லை, ஆனி 4 ஆம் திகதி ஆய்வைத் திருப்பி எடுத்தாச்சு, ரெண்டு கிழமைக்குள்ள. குளிசைக்குச் சார்பா வந்த ஆய்வில ஓட்டை பிடிச்ச அதே மாதிரி ஆக்கள்தான் எதிரா வந்ததிலயும் பிடிச்சவை. டெக்சாமெதசோனும் சல்லிக்காசு மருந்துதான் அண்ணை, அது உயிரைக் காப்பாத்தும் எண்டு சொல்லுறதில எந்தக் கொம்பனிக்குப் பெரிய லாபம்?

பழைய பி.எச்.ஐ எழுதினது:

மகள், நான் 90களில மாங்குளம், மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் வேலை செய்து ஓய்வெடுத்தவன். அந்தக் காலம் வன்னியில காய்ச்சல் எண்டா மலேரியாதான். குலைப்பன் எண்டு வந்தா இரத்தத்தைக் கண்ணாடியில தடவி எடுக்கிறது, பாக்க ஆளில்லாட்டி, மருந்து கையில இருந்தா, பாக்காமலே குளோரோகுயின் குடுக்கிறது. கனபேருக்குச் சுகம் வந்தது. சுகம் வராத ஆக்களும் இருந்தவை. மல்லாவிப் பக்கம் ஒரு கமக்காரர், மூண்டு தரம் மலேரியா மருந்து போட்டும் காய்ச்சல் விடேல்லை, கண் ரெண்டும் செக்கச்செவேல் எண்டு இருந்தது, கெண்டைக்காலைத் தொடவிடார். இப்ப யோசிச்சுப்பாத்தா அது எலிக்காய்ச்சலா இருந்திருக்கலாம் எண்டு மனம் சொல்லுது, அப்ப எங்களுக்கு அந்த நினைப்பே வரேல்லை. இலங்கையில கடைசியா உள்ளூர் மலேரியா கண்டது 2012, 2016 இல மலேரியா இல்லாத நாடு எண்டு சான்றிதழும் கிடைச்சது. ஆனா அந்த ஆளின்ர முகம் எனக்கு இண்டைக்கும் மறக்கேல்லை.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 1998 கடைசியில மலேசியாவில பண்டிப் பண்ணையளில வேலை செய்த ஆக்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. அங்க ஏற்கனவே தெரிஞ்ச மூளைக்காய்ச்சல் ஒண்டு இருக்கு, நுளம்பால வாறது, பண்டியிலும் இருக்கிறது. அதுதான் எண்டு முடிவெடுத்து நுளம்புக்குப் புகை அடிச்சு பண்டியளுக்குத் தடுப்பூசியும் போட்டவை. ஆனா செத்தது சின்னப்பிள்ளையள் இல்லை, பண்டியோட பழகின வளந்த ஆம்பிளையள். நுளம்பு எண்டா வீட்டில இருக்கிற பிள்ளையையும் கடிக்கும்தானே! இந்தப் பொருத்தமில்லாததை வடிவாப் பிடிச்சு, 1999 பங்குனியில ஒரு நோயாளியிட்ட இருந்து கிருமியைப் பிரிச்செடுத்தபிறகுதான் அது முந்தித் தெரியாத நிபா வைரஸ் எண்டு விளங்கினது. 265 பேருக்கு வந்து 105 பேர் செத்தவை, பத்து லட்சத்துக்கு மேல பண்டியளைக் கொல்லவேண்டி வந்தது. அங்க புதுசைப் பழசு எண்டு நினைச்சவை. 2024 இல எங்கட பக்கம் பழசைப் புதுசு எண்டு நினைச்சவை. ரெண்டுக்கும் காரணம் ஒண்டுதான் மகள், கடைசியாக் கண்ட வருத்தம் கண்ணை மறைக்கும்.

இனி அப்பாவின்ர குளிசைக்கு வாறன். அது டொக்சிசைக்கிளின், புதுசா வந்த மருந்து இல்லை. 1982 இல பனாமாக் காட்டுக்குள்ள பயிற்சிக்குப் போன அமெரிக்கப் படையாக்கள் 940 பேரைப் பிரிச்சு, பாதிப்பேருக்குக் கிழமைக்கு 200 மில்லிகிராம் குளிசையும் மற்றவைக்கு அதே மாதிரி வெறும் குளிசையும் குடுத்தவை. வெறும் குளிசை போட்டவையில 20 பேருக்கு எலிக்காய்ச்சல், மருந்து போட்டவையில ஒரே ஒருத்தருக்கு. 1984 இல வெளியானது. கொரோனாக் குளிசை மாதிரி அவசரத்தில வந்ததில்லை இது எண்டு சொல்லுங்கோ. சாப்பிட்டிட்டு, ஒரு கோப்பை தண்ணியோட போடவேணும், போட்ட உடன படுக்கக்கூடாது, நெஞ்சு எரியும். பிள்ளைத்தாச்சியளும் சின்னப்பிள்ளையளும் டொக்டரைக் கேக்காமல் தொடக்கூடாது.

பூநகரியாள் எழுதினது:

வயற்கரை மகள், நான் வேற ஒரு பக்கம் சொல்லவேணும், ஏனெண்டா "ஆதாரம் போதாது" எண்ட சொல்லால எங்கட பக்கம் என்ன நடந்தது எண்டு நான் கண்ணால கண்டனான்.

2020 சித்திரை 11 வர்த்தமானியில கொரோனாவால செத்த எல்லாரையும் எரிக்கத்தான் வேணும் எண்டு போட்டவை. புதைச்சா நிலத்தடி நீருக்குள்ள கிருமி போகலாம் எண்டு காரணம் சொன்னவை. போகும் எண்டு காட்டின ஆய்வு ஒண்டும் இருக்கேல்லை. உலக சுகாதார நிறுவனம் அதுக்கு முதலே புதைக்கலாம், எரிக்கலாம், ரெண்டும் சரி எண்டு சொல்லியிருந்தது, மற்ற நாடுகளில புதைச்சுக்கொண்டுதான் இருந்தவை. ஆனா இஞ்ச போகாது எண்டு நூறு வீதம் காட்டுங்கோ எண்டு கேட்டுக்கேட்டு பத்து மாசத்துக்கு மேல இழுத்தடிச்சவை. பிறந்து 20 நாளான முஸ்லிம் குழந்தையைக்கூட எரிச்சவை. தெரியாததின்ர பாரத்தை ஆற்ற தலையில வைக்கிறது எண்டதை எந்த ஆய்வுகூடமும் தீர்மானிக்கேல்லை, அதிகாரத்தில இருந்தவைதான் தீர்மானிச்சவை.

2021 மாசிக் கடைசியில புதைக்கலாம் எண்டு மாத்தினவை. உடன, பங்குனி 2 ஆம் திகதி, எங்கட பூநகரிப் பக்கத்துக் கடலில இருக்கிற இரணைதீவில புதைக்கப்போறம் எண்டு அறிவிச்சவை. இரணைதீவுச் சனம் ஆர் எண்டு தெரியும்தானே. 1992 இல இடம்பெயர்ந்து இரணைமாதாநகரில கிடந்து, ஒரு வருசம் தெருவில போராடி, 2018 சித்திரையில தாங்களே வள்ளம் ஏறித் திரும்பிப்போன சனம். போய் மூண்டு வருசம்கூட ஆகேல்லை, கிணறைத் துப்புரவாக்கிக் குடிக்கத் துவங்கின நேரம். இவ்வளவு நாளும் நிலத்தடி நீர் கெட்டுப்போகும் எண்டு சொன்னவை இப்ப எங்கட தீவு எண்டா மட்டும் கெடாதோ எண்டு சனம் கேட்டது. அந்தக் கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. எதிர்ப்பு வந்தோண்ண மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்கு மாத்தினவை. எங்கட சனம் முஸ்லிம் ஆக்களுக்கு எதிரா நிக்கேல்லை, அவையின்ர ஊரிலயே, அவையின்ர மையவாடியிலயே அவையைப் புதைக்க விடுங்கோ எண்டு கேட்டவையும் இருந்தவை. 2024 ஆடியில அமைச்சரவை மன்னிப்புக் கேக்க முடிவெடுத்தது. எரிச்ச சாம்பலுக்கு மன்னிப்புக் கேட்டு என்ன செய்யிறது.

அதால அப்பா நம்பமாட்டன் எண்டு சொன்னா எனக்கு அது விளங்குது. ஆனா குளிசையைப் போடச்சொல்லுங்கோ. பி.எச்.ஐ குடுத்தது ஆரையும் ஒதுக்கிறதுக்குக் குடுக்கேல்லை.

வயற்கரை மகள் எழுதினது:

எல்லாருக்கும் நன்றி, ரெண்டு நாளாத் திரும்பத்திரும்ப வாசிச்சனான். நேற்றுப் பின்னேரம் வாய்க்கால் கட்டில அப்பா மண்வெட்டி கழுவிக்கொண்டு இருக்கேக்க பக்கத்தில இருந்து போனில வாசிச்சுக் காட்டினன். வெள்ளம் கொண்டுபோன பாத்திக் கதைக்குத் தலையாட்டினார். மல்லாவி ஆளின்ர கதைக்கு ஒண்டும் பேசேல்லை, பெரியப்பாவும் 96 இல இடம்பெயர்ந்து இருக்கேக்க அப்பிடி ஒரு காய்ச்சலிலதான் போனவர்.

பனாமாக் கதைக்கு மட்டும் என்னை நிப்பாட்டி, அவங்கள் எத்தினை நாள் காட்டுக்குள்ள நிண்டவங்கள் எண்டு கேட்டார். நான் தேடிப்பாத்தன், மூண்டு கிழமை மட்டில. "நான் விதைச்சு அரிவி வெட்டுமட்டும் நாலு மாசம் சேத்துக்குள்ள நிக்கிறன், அவங்கள் பெடியள், எனக்கு 63, அப்ப அது எனக்குப் பொருந்துமோ?" எண்டு கேட்டார். எனக்கு வாய் அடைச்சுப்போச்சு. ஐயா, இதுக்கு என்ன சொல்லுறது?

பழைய பி.எச்.ஐ எழுதினது:

மகள், அப்பா சரியான இடத்தில கைவச்சிட்டார். கொஞ்ச நாளுக்குப் போய் நனைஞ்சிட்டு வாற ஆக்களுக்கு ஆதாரம் பலமா இருக்கு, மாசக்கணக்கா வயலுக்குள்ள நிக்கிற கமக்காரருக்கு அவ்வளவு பலமா இல்லை. அதை மறைச்சுச் சொல்லி அவரைப் போடவைக்க நான் விரும்பேல்லை. எண்டாலும் நான் அவற்ற இடத்தில இருந்தா போடுவன். இந்த வருத்தம் வந்தா உயிரை எடுக்கும், கிழமைக்கு ரெண்டு குளிசையால வாற கரைச்சல் அதோட பாக்கச் சின்னது. குளிசை மட்டும் போதும் எண்டு நினைச்சுப் புண்காலோட வெறுங்காலா இறங்கக்கூடாது, புண்ணை மூடிக் கட்டவேணும், ஏலுமெண்டா பூட்ஸ். வேற வருத்தத்துக்கு மருந்து போடுறார் எண்டா குளிசை துவங்க முதல் எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) டொக்டரிட்ட ஒருக்கா சொல்லவேணும். காய்ச்சல் வந்தா ஒரு நாளும் பிந்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், ஆரும் கேக்க முதலே "நான் வயலுக்குள்ள நிண்டனான்" எண்டு சொல்லவேணும். அந்த ஒரு வசனம் இல்லாமத்தான் கன நாள் வீணாப்போறது.

வயற்கரை மகள் எழுதினது:

ஐயா, இண்டைக்கு விடிய இடியப்பம் சாப்பிட்டிட்டு ரெண்டையும் போட்டிட்டார். பக்கற்றில திகதி எழுதிவைக்கச் சொன்னவர். இன்னொண்டும் சொன்னவர், எங்கட கமக்காரர் அமைப்பில ஆர் போட்டது, ஆர் போடேல்லை, ஆருக்குக் காய்ச்சல் வந்தது எண்டு இந்தப் போகம் முழுக்க ஒரு கொப்பியில எழுதினா எங்களுக்கே தெரியவருமாம், செயலாளரிட்ட கதைக்கப்போறாராம். அதில பிரயோசனம் இருக்கோ ஐயா?

பழைய பி.எச்.ஐ எழுதினது:

கட்டாயம் இருக்கு, எழுதச்சொல்லுங்கோ. ஒண்டு மட்டும் கவனம் மகள், குளிசையை ஒழுங்காப் போடுற ஆள்தான் பூட்ஸும் போடுவார், புண்ணையும் கட்டுவார். அப்ப அவருக்குக் காய்ச்சல் வராட்டி அது குளிசையாலயோ பூட்ஸாலயோ எண்டு கடைசியில பிரிச்சுச் சொல்ல ஏலாமல் போகும். அதால கொப்பியில பூட்ஸ் போட்டவரோ, காலில புண் இருந்ததோ, எத்தினை நாள் தண்ணிக்குள்ள நிண்டவர் எண்டதுக்கும் சேத்துக் கோடு அடிச்சு விடுங்கோ. காய்ச்சல் வந்த ஆள் ஆஸ்பத்திரியில ரெஸ்ற் செய்தவரோ, என்ன வந்தது எண்டதுக்கும் ஒரு இடம் விடுங்கோ. கூட்டம் எண்டைக்கு எண்டு சொல்லுங்கோ, நான் மோட்டச்சைக்கிளில வாறன்.